மூன்றரை டன் வண்டிக்கு நான் குதித்துக் கொடுத்த சான்றிதழ்

செப்டம்பர், மூன்றாம் வெள்ளி. காலையில் ஷார்ஜா ரோலாவிலிருந்து புறப்பாடு. வாகனம்: வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோம். பயணிகள் நால்வர். ஓட்டுநர்: மகன். பயணப் பொறுப்பாளர்: நான். இரவுத் தங்கல் கல்பா கடற்கரை.

சனி. எல்லை கடந்து ஓமான். ஷினாஸ் வழியாகச் சோஹார். வெப்பம் மிகுதி. குளிர்சாதனம் இருமுறை நின்றது, இருமுறையும் சரிசெய்யப்பட்டது. இரவுத் தங்கல் சோஹார் கடற்கரைச் சாலை.

ஞாயிறு, மகாளய அமாவாசை. விடியுமுன் வடக்கே திரும்பி, ஷினாஸ் அருகே ஓர் உப்பங்கழியின் முகத்தை அடைந்தோம். தரை சோதிக்கப்பட்டது. வாகனம் நிறுத்தப்பட்டது. கடற்கரையில் ஒரு சடங்கு நடைபெற்றது. வாகனம் புதைந்தது. கடல் ஏறியது. முற்பகலில் டிராக்டர் கொண்டு வாகனம் மீட்கப்பட்டது. அதன் படி காணாமற்போனது. உயிர்ச்சேதம் இல்லை. மாலையில் ஷார்ஜா.

இந்தப் பதிவில் பொய் ஏதும் இல்லை. பொறியியல் கல்லூரியொன்றில் மண் இயக்கவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓர் அறிக்கையை எப்படி எழுத வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தது. 'தரை சோதிக்கப்பட்டது' என்ற வாக்கியத்தில் மட்டும் வாசகர் சற்று நின்று செல்லலாம். யார் சோதித்தார், எதைக்கொண்டு சோதித்தார் என்பவற்றைச் சொல்லாமல் கடந்துபோக இத்தகைய வாக்கியங்கள் பெரிதும் உதவும். எனக்கு அந்த வசதி இனி இல்லை. என் குடும்பத்தார் வளைகுடா முழுவதும் அதைச் சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பயணத்தில் எது பணயமாக இருந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும்.

என் மனைவி ராஜேஸ்வரி சென்ற ஆண்டு ஆவணியில் காலமானாள். அதன்பின் திருச்சி வீட்டில் நான் தனியாக இருந்தேன். இருந்தேன் என்பது என் தரப்பு. இருக்க முடியவில்லை என்பது என் மகன் இளங்கோவின் தரப்பு. அவனிடம் சான்றுகளும் இருந்தன: பகலெல்லாம் அணையாமல் எரிந்த வாசல் விளக்கு, பூட்டாமல் விட்ட கேட், மூன்று வேளையும் தயிர்சாதம் என்று எதிர்வீட்டார் தொலைபேசியில் அளித்த வாக்குமூலம். இந்தக் கோடையில் விசிட் விசா எடுத்து என்னை ஷார்ஜாவுக்கு அழைத்துவந்துவிட்டான். ரோலாவில் நான்காம் மாடியில் அவர்களுக்கு இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. பேத்தி யாழினி தன் அறையில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தாள். (அவளுக்கு வயது பதினான்கு. அந்த வயதில் பாதி அறை என்பது பாதி ராஜ்யம்.) இங்கேயே இருந்துவிடுங்கள் என்பது மகனின் கட்சி. என் வீட்டுக்குப் போய் நான் இருந்துகொள்கிறேன் என்பது என் கட்சி.

எங்கள் குடும்பத்து ஆண்கள் உரத்துப் பேசுவதில்லை. கோபம் வந்தால் கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்துவோம். ரோலா வீட்டில் சில வாரங்கள் கதவுகள் மிக மெதுவாகச் சாத்தப்பட்டன. இறுதியில் நானே ஓர் உடன்பாட்டை முன்வைத்தேன். செப்டம்பரில் ஒரு பயணம் வருகிறது. அதன் முழுப் பொறுப்பையும் என்னிடம் கொடு. வழி, தங்குமிடம், தண்ணீர், எரிவாயு எல்லாம் என் கணக்கு. பிழையின்றி நால்வரையும் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தால் திருச்சிக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடு. பிழை நேர்ந்தால் நான் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்.

இளங்கோ யோசித்துவிட்டு, "சரிப்பா" என்றான். கடினமான வினாத்தாளைக் கட்டுப் பிரிக்கும்போது தேர்வாளர்கள் சிரிக்கும் ஒருவகைச் சிரிப்பு உண்டு. பல ஆண்டுகள் நான் சிரித்த சிரிப்பு அது. அன்று அவன் முகத்தில் அதைப் பார்த்தேன்.

பயணத்தின் காரணம் மகாளய அமாவாசை. அம்மாவுக்காகக் கடலில் நின்று எள்ளும் தண்ணீரும் விடவேண்டும் என்று இளங்கோ விரும்பினான். எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை; அவனுடைய துக்கத்துக்குள் நுழைய எனக்கு உரிமையும் இல்லை. தந்தை உயிரோடு இருக்கும்போது மகன் எள்ளு இறைக்கலாமா என்று ஊரிலிருந்து உறவினர் ஒருவர் ஐயம் எழுப்பினார். (நான் உயிரோடு இருப்பது ஒரு தடையாக வெளிப்படையாகப் பேசப்பட்டது அதுவே முதல்முறை.) மனம் விரும்பினால் செய்யலாம் என்று மற்றொருவர் தீர்ப்பளித்து என்னைக் காப்பாற்றினார்.

ஷார்ஜாவிலும் துபாயிலும் கடற்கரை என்றால் கூட்டம். வேட்டியுடன் நீரில் நிற்பவனை யாராவது நின்று பார்ப்பார்கள். யாராவது படம் எடுப்பார்கள். யாராவது வந்து இது என்ன என்று கேட்பார்கள். ஆளில்லாத கரை வேண்டும் என்றான் இளங்கோ. படையலை அங்கேயே சமைத்துச் சூட்டோடு வைக்கவேண்டும் என்றாள் மருமகள் கவிதா. ஆளில்லாத கரையில் அடுப்பு ஏது? அடுப்பையே கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள் யாழினி. மோட்டார் ஹோம் வந்து சேர்ந்தது அப்படித்தான். (நம் ஊரில் இதைக் கேரவன் என்பார்கள், நடிகர்கள் ஒப்பனை செய்துகொள்ளும் வண்டி. செய்தி கேட்ட என் மைத்துனர், எனக்கு என்ன வேடம் என்று விசாரித்தார்.)

நான் திட்டமிட்டேன். திட்டமிடுவது எனக்கு எப்போதும் பிடித்த வேலை. அந்த மாதங்களில் அது ஒரு மருந்தாகவும் இருந்தது. செப்டம்பரில் இலையுதிர்காலம் தொடங்குகிறது என்று நூல்கள் சொல்கின்றன. சுஹைல் என்ற நட்சத்திரம் விடியற்காலையில் தென்படத் தொடங்கினால் வெக்கை தணியும் என்பது இங்குள்ள அரபுமக்களின் பழைய கணக்கு. நட்சத்திரம் ஆகஸ்டு இறுதியிலேயே வந்துவிட்டது. ஆகவே இதமான கடற்காற்றில் பயணம் செய்யப்போகிறோம் என்று மூவருக்கும் விளக்கினேன். கல்பாவில் முதல்நாள் மதியம், வண்டிக்குள் இருந்த ஊறுகாய் பாட்டிலைக் கையால் தொட முடியவில்லை. கவிதா அதைத் துணியால் பிடித்து எடுத்துவிட்டு, "உங்க ஸ்டாரு இன்னும் டியூட்டில ஜாயின் பண்ணல போல மாமா" என்றாள்.

கவிதா பள்ளி ஆசிரியை. குரலை உயர்த்தாமல் ஒரு வகுப்பையே அடக்கக்கூடியவள். தேர்வுக் குழுவில் இளங்கோவைவிட அவளுக்குத்தான் நான் அஞ்சினேன். மூன்றாவது உறுப்பினரான யாழினி மட்டும் மதிப்பெண்களை அவ்வப்போது வெளிப்படையாக அறிவித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை குளிர்சாதனம் நின்றபோது, மின்னடுப்பும் அதுவும் ஒருசேர ஓடக்கூடாது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தேன். "தாத்தா, யூ ஆர் பாஸிங்" என்றாள். அன்றிரவு சோஹார் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்தபோது, திருச்சி வீட்டின் சாவி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மனத்துக்குள் தேடத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் விடியலில் அந்த உப்பங்கழியை அடைந்தோம். ஒருபக்கம் அலையாத்தி மரங்கள். மறுபக்கம் மணல் படர்ந்த அகன்ற சமதரை. அதற்கும் அப்பால் கடல். மீனவர்களின் கொட்டகைகள் வெகு தூரத்தில் புள்ளிகளாகத் தெரிந்தன. அருகில் ஆள் இல்லை. பாதை முடியும் இடத்தில் இளங்கோ வண்டியை நிறுத்தி, இங்கேயே விட்டுவிட்டு நடப்போம் என்றான். கடல் நன்றாகப் பின்வாங்கி இருந்தது. சமைத்த பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடப்பதா? மேலும், எதிரே கிடப்பது தரை. தரை என் துறை. நான் இறங்கினேன்.

மண்ணின் தாங்குதிறனை அறிய ஆய்வுக்கூடங்களில் பல கருவிகள் உண்டு. அவற்றில் சிலவற்றைப் பற்றி நான் கட்டுரை எழுதியிருக்கிறேன். அன்று என்னிடம் இருந்தது ஒரு ஜோடி செருப்பு. குதிகாலால் உதைத்தேன், கெட்டி. ஒரு பிடி அள்ளினேன், உலர்ந்த மணல். பிறகு (எழுதக் கை கூசுகிறது) குதித்தேன். இரு கால்களையும் சேர்த்து, அறுபத்தெட்டு வயதில், அயல்நாட்டுக் கடற்கரையில், மூன்று முறை. தரை அசையவில்லை. ஒல்லியான பேராசிரியர் ஒருவர் குதித்துப் பார்த்துவிட்டு மூன்றரை டன் வண்டிக்குச் சான்றிதழ் வழங்கினார்.

"தாங்கும். வா."

தாங்கவும் செய்தது. கடலுக்கு வெகு அருகில், மேடு என்று எனக்குத் தோன்றிய இடத்தில், வண்டி நின்றது. கவிதா உள்ளே வாழைக்காய் பொரித்தாள், பூசணிக்காய்க் கூட்டு வைத்தாள், பாயசம் காய்ச்சினாள். இளங்கோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கித் தெற்கு நோக்கி நின்றான். நான் வண்டி நிழலில் நின்றுகொண்டேன். அவன் தன் தாயின் பெயரை முழுதாகச் சொன்னது காற்றில் எனக்குக் கேட்டது. எனக்கு அவள் ராஜி. வீட்டில் யாரும் அந்தப் பெயரை முழுதாகச் சொன்னதில்லை; வங்கியிலும் மருத்துவமனையிலும்தான் அப்படி அழைப்பார்கள். நான் அலையாத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காகத்துக்கு இலையில் சோறு வைத்தோம். இந்தக் கரையின் காகங்கள் கப்பலேறி வந்த இந்தியக் காகங்களின் வாரிசுகள் என்று படித்திருக்கிறேன். ஒன்று வந்தது. பூசணிக்காயை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்றது. (ராஜிக்கும் பூசணிக்காய் ஆகாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நம்பிக்கையில்லாதவன் சொல்லக்கூடிய செய்தி அல்ல.)

சாப்பிட உள்ளே ஏறியபோது கவிதா அடுப்பருகே அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, பாயசம் சாயுது."

பார்த்தேன். பாத்திரத்தில் பாயசம் ஒருபக்கம் விளிம்பைத் தொட்டும் மறுபக்கம் வெகுவாகத் தாழ்ந்தும் நின்றது. பாயசம் எப்போதும் சமமட்டமாகவே நிற்கும், சாய்ந்திருப்பது நாம். இறங்கி ஓடிப் பார்த்தால் பின்பக்க இடச்சக்கரம் பாதிவரை தரைக்குள் இருந்தது. உடைந்த இடத்தில், மெல்லிய மணற்போர்வைக்குக் கீழே, வெண்மையான உப்பு ஓடு. ஓட்டுக்குக் கீழே சாம்பல்நிறச் சேறு.

அப்போது நான் செய்தது மன்னிக்க முடியாதது. மகிழ்ந்தேன்.

அது சப்கா. வளைகுடாக் கரைகளுக்கே உரிய உப்புத்தரை. காய்ந்திருக்கும்போது மேலோடு கல்போல நிற்கும். அடியில் நீர் ததும்பும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு முழு வகுப்பு இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வாழ்நாளில் ஒருமுறையும் பார்த்ததில்லை. பெயரளவில் மட்டுமே அறிந்த உறவினரை ரயில்நிலையத்தில் கண்டுகொண்டதுபோல் இருந்தது. மூவரையும் அழைத்துக் குனிந்து பார்க்கச் சொன்னேன். உப்பு எவ்வாறு மணலைப் பிணைக்கிறது, ஈரம் பட்டதும் அந்தப் பிணைப்பு எவ்வாறு கரைகிறது என்று விளக்கத் தொடங்கினேன். வண்டி புதைந்துகொண்டிருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

யாழினி கைதூக்கினாள். (உண்மையாகவே தூக்கினாள்.) "ஸோ தாத்தா, கடல் தண்ணி இங்க வந்தா?"

நால்வரும் திரும்பிக் கடலைப் பார்த்தோம். விடியலில் விட்டுவந்த இடத்தில் அது இல்லை.

இவ்வளவு தூரம் ஏறாது என்று சொன்னேன். வழக்கமான ஓதத்தின் எல்லை அதோ அந்தப் பாசி வரிசை என்று சுட்டிக்காட்டினேன்.

"இன்னைக்கு நியூ மூன்தானே தாத்தா? நியூ மூன்னா ஸ்ப்ரிங் டைட். ஹையஸ்ட். எங்க ஜியாக்ரஃபில இருக்கு."

நாள்காட்டியில் அந்த அமாவாசையைச் சிவப்பு மையால் வட்டமிட்டவன் நான். அமாவாசை என்பதற்காகவே நாளைத் தேர்ந்து, அமாவாசை என்பதற்காகவே கடலைத் தேர்ந்து, சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று அந்தக் கடலை இழுக்கும் நாள் அது என்பதை, முதுகலைப் பட்டங்கள் மலிந்த ஒரு குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து மறந்திருந்தது. முன்னோருக்காகப் பார்த்த திதியைச் சக்கரங்களுக்காகவும் பார்த்திருக்கவேண்டும்.

இளங்கோ வண்டியைப் பின்னோக்கி எடுக்க முயன்றான். சக்கரம் உழுதது. முன்னோக்கி எடுக்க முயன்றான். இன்னும் ஆழமாக உழுதது. வாடகைக்குக் கொடுத்தவரை அவன் தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொன்னபோது, மறுமுனை எந்த எமிரேட் என்று கேட்டது. ஓமான் என்று இவன் சொன்னதும் அந்தப் பக்கம் அமைதியாயிற்று. பிறகு தொடர்பே அற்றுப்போனது. அது அலைவரிசையின் குறையா, மனிதரின் முடிவா என்று தெரியவில்லை.

எடையைக் குறைக்கவேண்டும் என்று நான் அறிவித்தேன். எரிவாயு உருளையை இறக்கினோம். நாற்காலிகள், பெட்டிகள், அரிசி, எல்லாம் இறங்கின. எல்லாவற்றிலும் கனமானது எது? நிரம்பிய தண்ணீர்த் தொட்டி. கீழ்த்திறப்பைத் திருகித் திறந்துவிட்டேன். தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறி நேராகச் சக்கரத்தின் அடியில் பாய்ந்தது. மெல்லிய விரிசல் சத்தம் ஒன்று கேட்டது. வண்டி, நாற்காலியில் அமரும் பெருத்த மனிதரைப்போல, நிதானமாக இன்னும் ஒரு சாண் இறங்கியது.

இளங்கோ என்னைப் பார்த்தான். உரத்துப் பேசவில்லை.

"அப்பா. தண்ணி பட்டா பலம் போயிடும்னு இப்பத்தான் சொன்னீங்க."

அதற்கான பதில் பாடக்குறிப்பில்தான் இருந்தது.

கரையில் ஒரு குச்சியை நட்டு, நீர் அதைத் தொட்டதும் சொல்லும்படி யாழினியை நிறுத்தியிருந்தேன். அவள் சொன்னாள். குச்சியைப் பிடுங்கிப் பின்னால் நட்டாள். மீண்டும் சொன்னாள். வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவள் குரல் பக்கத்தில் வந்தது. ஈர வேட்டியில் சேற்றோடு நின்ற என் மகன் ஸ்டியரிங்கின் முன் ஏறி உட்கார்ந்து, சக்கரத்துக்கு ஏதாவது பிடிமானம் கிடைத்தால் கடைசியாக ஒருமுறை முயலலாம் என்றான். நான் சாப்பாட்டு மேசையின் பலகையைக் கழற்றிக்கொண்டு வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துச் சேற்றில் நுழைந்தேன். கவிதா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். வியர்வை கண்ணில் இறங்கியது. பலகையின் விளிம்பு சக்கரத்தின் அடியில் போகிறதா, வெளியே நிற்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் மங்கலாக இருந்தது. கடல் சலசலக்கும் ஒலி காதருகே கேட்டது.

"ராஜி, என் கண்ணாடிய எங்க வச்ச?"

அவசரக் குரல் அல்ல. அலறல் அல்ல. வீட்டில் எந்நாளும் கேட்கும் குரல். சற்றே எரிச்சல் கலந்தது.

மேலே எஞ்சின் நின்றது. யாழினியின் குரல் நின்றது. சேற்றில் படுத்தபடியே, நான் சொன்னதை நானும் கேட்டேன். வெளியே வராமல் அங்கேயே இருந்துவிட முடியுமா என்று ஒருகணம் தீவிரமாக யோசித்தேன்.

"இதோ வரேன்" என்றாள் கவிதா.

தனக்கு வந்த அழைப்பைப்போல, கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள். மறுபக்கத்திலிருந்து சேற்றில் முழந்தாளிட்டு வந்தாள். என் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். துப்பட்டாவின் சுத்தமான ஓரத்தைத் தேடித் துடைத்தாள். எனக்கு மாட்டிவிட்டாள்.

"பாக்கெட்லதான் இருக்கு மாமா. பலகைய இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளணுமா?"

"கொஞ்சம்" என்றேன்.

தள்ளிவிட்டு வெளியே வந்தோம். எஞ்சின் மீண்டும் ஓடத் தொடங்குவதற்குச் சற்று நேரமாயிற்று. வண்டி புதைந்ததற்கு ஒருவேளை மறுதேர்வு கிடைத்திருக்கலாம். இதற்குக் கிடைக்காது. திருச்சி வீட்டுச் சாவி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடவேண்டிய தேவை இனி இல்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது.

பலகை முறிந்தது. வண்டி நகரவில்லை. முறிந்த துண்டை இழுத்தெடுக்க நான் மறுபடி அடியில் நுழைந்தேன். நீர் முன்சக்கரத்தை அடைந்த வேளையில், கொட்டகைகளிலிருந்து எங்களைக் கவனித்துவிட்ட ஓமானிப் பெரியவர் ஒருவர், வலை இழுக்கப் பயன்படும் டிராக்டரில் வந்து சேர்ந்தார். தலையில் பூவேலைத் தொப்பி. வெள்ளை அங்கியை முழங்காலுக்குமேல் சுருட்டியிருந்தார். "பாய், இதர் பார்க்கிங் மாஃபி" என்றார். இங்கே வண்டி நிறுத்தக்கூடாது என்ற அந்தத் தகவல் சற்றுத் தாமதமாக வந்தது. ஈர வேட்டியையும் வாழை இலையையும் எள்ளுக் கிண்ணத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்ன சொல்வது என்று இளங்கோ தடுமாற, கவிதா தன் பள்ளி இந்தியில், இவருடைய அம்மா இறந்துவிட்டார், இன்று அவருக்கான நாள் என்றாள். பெரியவரின் முகம் மாறியது என்று பிறகு சொன்னார்கள். இறந்தவளுக்காக அரபியில் ஒரு வேண்டுதலை மெல்லச் சொன்னார். பிறகு வண்டிக்கடியில் நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைச் சுட்டி, இவரும் அதற்காகத்தான் படுத்திருக்கிறாரா என்று மரியாதையுடன் விசாரித்தார்.

முதல் கயிறு அறுந்தது. இரண்டாவது கயிற்றை மாட்டும்போது நீர் கதவின் படிக்கு மேலே அலம்பியது. பெரியவர் "யல்லா" என்றார். டிராக்டர் முனகியது. சேறு, பிடித்ததை விட மனமில்லாமல், ஒரு நீண்ட உறிஞ்சும் ஒலியோடு வண்டியை விட்டது. படியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. கெட்டித்தரைக்கு வந்ததும் பெரியவர் கயிற்றை அவிழ்த்து, "கலாஸ்" என்று முடித்தார். எங்களிடமிருந்து அவர் ஏற்றுக்கொண்டது சாய்ந்து நின்ற அந்தப் பாயசத்தை மட்டும்தான். நின்றபடியே இரண்டு தம்ளர் குடித்தார். நாங்கள் நிறுத்தியிருந்த இடத்தில் அப்போது கடல் இருந்தது.

எல்லைக்குச் சற்று முன்னால் ஒரு மலையாளியின் தேநீர்க்கடை. இளங்கோவும் யாழினியும் சேற்றைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார்கள். நானும் கவிதாவும் எதிரெதிரே அமர்ந்திருந்தோம். உடன்பாடு உடன்பாடுதான் என்று நானே தொடங்கினேன். பிழை நேர்ந்துவிட்டது, இனி அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன் என்றேன்.

"வண்டி மாட்டுறது யாருக்கு வேணும்னாலும் நடக்கும் மாமா. அத வச்சு ஒங்கள யாரும் நிறுத்தப் போறதில்ல. நீங்க போகணும்னா நானே அவர்ட்ட சொல்லி டிக்கெட் போடச் சொல்றேன்." தேநீரை என் பக்கம் நகர்த்தினாள். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். அங்க நீங்க கூப்பிட்டா, யாரு வரேன்னு சொல்லுவா?"

அந்த வீட்டில் கண்ணாடிக்கு ஒரே இடம்தான், தொலைக்காட்சிப் பெட்டியின் மேல். தேடவேண்டிய அவசியமே வராது என்று விளக்கினேன்.

"நான் கண்ணாடியப் பத்திக் கேக்கல மாமா."

தேநீரில் ஆடை படிந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னவன் நான். தெரியாதபோது அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று சொல்லித் தப்பியும் இருக்கிறேன்.

"கூப்பிடுறீங்கல்ல, அங்க?" என்றாள், இன்னும் தணிந்த குரலில்.

"தினமும்" என்றேன். தொடங்கிவிட்டதால் மீதியையும் சொன்னேன். "ஒரு நாள் பால் கரிஞ்சு போச்சும்மா. மறதி இல்ல. அடுப்ப நிறுத்துன்னு அவட்ட சொல்லிட்டு, ஹால்ல பேப்பர் படிச்சிட்டிருந்தேன்."

கவிதா கரண்டியால் என் தேநீரின் ஆடையை எடுத்து ஓரமாக வைத்தாள். குழாயடியிலிருந்து இருவரும் திரும்பிவந்தார்கள்.

அதன்பின் தேர்வு முடிவை யாரும் அறிவிக்கவில்லை. விசா புதுப்பித்தாயிற்று. யாழினியின் அறையில் என் பாதி நிரந்தரமாகிவிட்டது. அவள் பாதியில் ஒரு திரை தொங்குகிறது. பயணத்தின் கதையோ ஊர் ஊராகச் சென்றது. தோஹா நஜ்மாவில் கடை வைத்திருக்கும் கவிதாவின் அண்ணன் தொலைபேசியில் என் நலம் விசாரிக்குமுன், தரையின் நலத்தை விசாரிக்கிறார். வீட்டில் புதிதாக எது வந்தாலும், கட்டிலோ, தர்ப்பூசணியோ, யாழினியின் அறிவியல் செயல்திட்டமோ, யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "தாத்தா குதிச்சுப் பாத்தாச்சா?" விருந்தினர் முன்னிலையில் இளங்கோ எழுந்து நின்று, என்னைப்போலக் குதித்தே காட்டுகிறான். மூன்றாவது குதிக்கு வருமுன் அவனுக்குச் சிரிப்பு தாங்காது. தாய் போனபின் அவன் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது இதற்குத்தான். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கதையைச் சொல்லும்போது மூவருமே ஓரிடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாத்தா பலகையோடு வண்டிக்கடியில் போனார் என்பார்கள்; உடனே டிராக்டர் வந்துவிட்டது என்பார்கள். அப்படிச் சொல்வதென்று அவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

செய்யாமல் நிற்பவை:

சோஹார் கோட்டையை உள்ளே சென்று பார்ப்பது. (வாசல்வரை போனோம். வெயில்.)

வண்டியின் படியைக் கடல் திருப்பித் தந்ததா என்று ஷினாஸ் பெரியவரிடம் கேட்டறிவது.

சப்கா பற்றிய என் பாடக்குறிப்பைத் திருத்தி எழுதுவது.

திருச்சி வீட்டு மாடித் தொட்டியைக் கழுவிக் கவிழ்க்கச் சொல்லி எதிர்வீட்டாருக்குத் தொலைபேசி செய்வது.

பயணச்சீட்டு.

யாரையும் கூப்பிடாமல் கண்ணாடியைத் தேடப் பழகுவது. (அவசரமில்லை என்கிறாள் கவிதா.)